ரெண்டு பட்டன்

படப்பை
5.2.2025, புதன்

சுபா,

போனை எடுக்க மாட்டேங்கற. வாட்ஸ்அப்ல ப்ளாக். எங்க அம்மா நம்பரும் ப்ளாக். வேற வழி இல்லாம பேப்பர்ல எழுதறேன். லவ் பண்ண காலத்துல கூட உனக்கு ஒரு லெட்டர் எழுதினது இல்ல, இப்ப எழுத வெச்சுட்ட. கம்பெனி வேன் ஓட்டற ஐயனார் அண்ணன் தெனம் மண்ணூர் வழியா தான் ஆள் ஏத்திகினு வர்றாரு. அவர் கையில குடுத்து அனுப்பறேன். பதிலையும் அவர்கிட்டயே குடு.

நேரா விஷயத்துக்கு வர்றேன். நிலாவைத் தூக்கிகினு வூட்டுக்கு வந்து சேரு. உனக்கு வர இஷ்டம் இல்லன்னா புள்ளைய மட்டுமாவது அனுப்பு. அம்மா பாத்துப்பாங்க.

காதுகுத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது தான். ஒத்துக்கறேன். ஆனா அந்த எடத்துல எவனா இருந்தாலும் கத்தியிருப்பான். காது குத்தின வலியில புள்ள வீல்னு அழுவுது. தாய்மாமன்னு மடியில வெச்சிருந்த உங்க அண்ணன் அவளைத் தூக்கி உன் கையில குடுக்கறாரு. நீ வாங்கற. வாங்கின கையிலேர்ந்தே வழுக்கித் தரையில வுடற. ஒம்போது மாசக் கொழந்த சுபா. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கீது. "உனக்கெல்லாம் எதுக்குடி புள்ள"ன்னு கேட்டது அந்த பயத்துல வந்தது. அதுக்குப் போய் கட்டின பொடவையோட உங்க அப்பா வண்டில ஏறிப் போயிடறதா?

அம்மா சொல்றாங்க, சோத்துப் பானையைக் கூட இந்தப் பொண்ணு ஒழுங்கா எறக்கி வெக்கறது இல்லன்னு. நான் இத்தனை நாள் உனக்காகப் பேசினேன். இனிமே இன்னா பேசறது.

நெத்தி வீக்கம் எறங்கிச்சா? வாந்தி கீந்தி எடுத்தாளா? அதையாவது எழுது.

சக்தி


மண்ணூர்
7.2.2025

நிலாவோட அப்பாவுக்கு,

வீக்கம் எறங்கிடுச்சு. அன்னிக்கே டாக்டர் பாத்துட்டார், பயப்பட ஒன்னும் இல்லன்னார். நல்லா சாப்பிடறா, நல்லா சிரிக்கறா. இது உங்க கேள்விக்கு பதில். அனுப்ப மாட்டேன். இது உங்க உத்தரவுக்கு பதில்.

பிரசவம் ஆன மறுமாசத்துலேர்ந்து இடது மணிக்கட்டுல, கட்டை விரல் பக்கமா, வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா? தைலம் தேய்ன்னீங்க. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தீங்க. உங்க அம்மா சுளுக்குன்னு முடிவு பண்ணி, சுளுக்கு எடுக்கற ஆளைக் கூட்டிகினு வந்து இழுக்க வெச்சாங்க. மறுநாள் என்னால டம்ளர் தூக்க முடியல. நானும் மூணு பெத்தவ தான், எனக்குக் கை வலிக்கலையேன்னு உங்க அம்மா சொன்னப்போ நீங்க பக்கத்துல உக்காந்து இட்லி சாப்ட்டுகினு இருந்தீங்க.

நேத்து அப்பா கூட ஸ்ரீபெரும்புதூர்ல எலும்பு டாக்டர்கிட்ட போனேன். கட்டை விரலை உள்ள மடக்கி, மத்த நாலு விரலால மூடிக்கச் சொன்னார். அப்படியே கைய சுண்டு விரல் பக்கமா லேசா சாய்ச்சார். அவ்வளவு தான். கண்ணு இருட்டிகினு வந்துடுச்சு எனக்கு. அப்பா எழுந்து நின்னுட்டார். டாக்டர் சாதாரணமா சொல்றார், கைக்கொழந்தை வெச்சிருக்கற அம்மாங்களுக்கு இது நெறைய வருமாம். கட்டை விரலை அசைக்கற தசைநார் ஓடற எடம் வீங்கிப் போவுதாம். கொழந்தை அக்குள்ல கையக் குடுத்து, கட்டை விரலை விரிச்சு விரிச்சுத் தூக்கறோம் இல்ல, அதுல வர்றதாம். இதுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் எழுதிக் குடுத்திருக்கார். சோம்பேறின்னு எழுதல.

கட்டை விரலையும் சேத்துப் பட்டை போட்டிருக்கேன். கொறையலன்னா ஊசி போடுவாராம். புள்ளைய இனிமே அடியில உள்ளங்கையக் குடுத்து, அரிசி அள்ற மாதிரி தூக்கணும்னு சொல்லிக் குடுத்தார். அப்படித் தான் தூக்கறேன். இது வரைக்கும் வுடல.

அவ வுழுந்தப்போ அவளுக்கு அப்புறம் அதிகமா துடிச்சவ நான். அந்த நிமிஷத்துல என் கைக்கு இன்னா ஆச்சுன்னு ஒருத்தர் கேக்கல. எனக்கு எதுக்குப் புள்ளன்னு நீங்க கேட்டீங்க. உங்க சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க. நானும் கேட்டுகினேன்.

சுபஸ்ரீ


படப்பை
10.2.2025

சுபா,

"ங்க" போட்டு எழுதற அளவுக்கு ஆயிடுச்சா? கம்பெனி ஷெட்டுல பாத்த நாள்லேர்ந்து என்ன வா போன்னு தான கூப்ட்ட. மரியாதை எல்லாம் உங்க அப்பாவுக்குக் குடு, எனக்கு வேணாம்.

டாக்டர் பேர் எழுதிக் குடுத்துட்டா ஆச்சா? நாளைக்கு நம்ம ஏரியாவுல புள்ள பெத்த எல்லாரும் கையில பட்டையப் போட்டுகினு அம்மா வூட்டுக்குப் போயிடலாமே. வலி யாருக்குத் தான் இல்ல? ப்ரெஸ் மிஷின்ல நிக்கறவனுக்கு வலி இருக்காதா? காலையில எழுந்தா என் வலது கை மரக்கட்டையா கெடக்குது. ஒதறி ஒதறித் தான் உசுர் வர வெக்கறேன். நான் யார்கிட்டயாவது சொன்னனா? லீவு போட்டனா? ரெண்டு கை வெச்சு ஓட்ட வேண்டிய மிஷினை ஒத்தக் கையில ஓட்டி டார்கெட் குடுத்துகினு கீறேன், தெரியுமா உனக்கு? உன்னால ரெண்டு கை வெச்சுகினு ஒரு புள்ளைய புடிக்க முடியல.

ஏப்ரல்ல பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க. இந்த நேரத்துல எனக்கு வூட்டுல இந்த ரோதனை தேவையா சொல்லு. வர்ற ஞாயித்துக்கெழம அக்கா வூட்டுக்காரர் ராஜசேகர் மாமாவைக் கூட்டிகினு அங்க வருவேன். புள்ளைய ரெடி பண்ணி வையி. நீயா குடுத்தா மரியாதை.

சக்தி


மண்ணூர்
11.2.2025

சக்தி,

ஒத்தக் கையிலன்னா இன்னா அர்த்தம்?

அந்த மிஷின்ல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பச்சை பட்டன். ரெண்டையும் சேத்து அமுக்கினா தான் தகட்டை அமுக்கற டை கீழ எறங்கும். ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தா எந்தக் கையும் டைக்குக் கீழ இருக்காது, அதுக்குத் தான அப்படி வெச்சிருக்காங்க. நான் அதே ஷெட்டுல இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவ. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சு எழுதிட்டியா, இல்ல கோவத்துல தெரியாம எழுதிட்டியா?

வலது பக்கப் பட்டன்ல இன்னா சொருகி வெச்சிருக்க?

நீ எழுதின லெட்டர் ரெண்டு இருக்கு. ரெண்டையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். படிக்கறப்போ கோவத்துல எழுத்தைப் பாக்கல. பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்க, பேப்பரே கிழிஞ்சிருக்கு. பொங்கலுக்குப் புதுச் சட்டைக்கு பட்டன் போட முடியாம நின்னு, என்ன கூப்ட்டுப் போடச் சொன்ன. கொஞ்சறன்னு நெனைச்சேன் நான். டீ டம்ளரை ரெண்டு தடவ கீழ போட்ட, சூடா இருக்குன்ன. அது ஆறின டீ.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், இது மூணும் மரத்துப் போவுதா? சுண்டு விரல் நல்லா இருக்குதா? நான் போன டாக்டர் ரூம்ல வெளிய காத்துகினு இருந்த ஆளு இதையே சொல்லிகினு இருந்தார். வெல்டிங் கம்பெனி ஆளு. மணிக்கட்டுல நரம்பு நசுங்கிப் போச்சாம்.

புள்ள விஷயம் அப்புறம் பேசலாம். இதுக்கு மட்டும் பதில் எழுது. இன்னிக்கே ஐயனார் அண்ணன்கிட்ட குடு.

சுபா


படப்பை
12.2.2025

சுபா,

நீ ஒன்னும் பெரிசு பண்ணாத. எல்லாரும் பண்றது தான். மாரி கூட அவன் மிஷின்ல பண்றான். அட்டைய மடிச்சு பட்டன் சந்துல சொருவிட்டா அது அமுங்கினபடியே நிக்கும். இடது கையால மட்டும் தட்டினா போதும், வலது கை பீஸை வெக்கும், எடுக்கும். டார்கெட் சீக்கிரம் முடியும். ஆடிட் வந்தா எடுத்து பாக்கெட்ல போட்டுக்குவோம். பழைய மிஷின் தான அது, பட்டன் அமுங்கியே இருந்தாலும் ஒன்னும் சொல்லாது.

நான் டார்கெட்டுக்காகப் பண்ணல. உனக்கு மட்டும் சொல்றேன். தீபாவளிக்கு அப்புறம் வலது உள்ளங்கைய வெச்சு அமுக்கினா ஷாக் அடிக்கற மாதிரி தோள் வரைக்கும் ஏறுது. அமுக்கிட்டனா இல்லையான்னே சில நேரம் தெரியல. அதான் அட்டை. நீ சொன்ன மூணு விரல் தான். சுண்டு விரல் நல்லா தான் கீது. இப்ப கூட பேனா கையில கீதான்னு பாத்து பாத்துத் தான் எழுதறேன், பாக்கலன்னா எனக்குத் தெரியாது.

இதை யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா சண்முகசுந்தரம் சாருக்குப் போகவே கூடாது. சூப்பர்வைசர் வாயிலேர்ந்து கை சரியில்லன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேர் இருக்காது. கான்ட்ராக்ட்லேர்ந்தும் தூக்கிடுவாங்க. இத்தனை வருஷம் நின்னது இந்த ஏப்ரலுக்காகத் தான்னு உனக்கே தெரியும். ஏப்ரல் வரைக்கும் ஓட்டிடறேன். அப்புறம் எந்த டாக்டர்கிட்ட சொல்றியோ வர்றேன்.

ஞாயித்துக்கெழம மாமாவைக் கூட்டிகினு வரல. நான் மட்டும் வர்றேன்.

சக்தி


மண்ணூர்
13.2.2025

சக்தி,

நீ எழுதினதை அப்பா படிச்சுடக் கூடாதுன்னு அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சிருக்கேன். படிச்சா நேரா கம்பெனி கேட்டுக்குப் போய் நிப்பார்.

உனக்குத் தெரியாத கை தான் டைக்கு உள்ள போய்ட்டுப் போய்ட்டு வருது. இதை ஒரு தடவ சத்தமா படிச்சுப் பாரு. டை கீழ எறங்கறப்போ விரல் உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு உனக்கு எது சொல்லும்? கண்ணு மட்டும் தான். ஷிப்ட் கடைசில, தூக்கத்துல, அந்தக் கண்ணை நம்பறியா நீ?

இன்ஸ்பெக்ஷன்ல இருந்தப்போ ஒரு நாள் ஷெட்டுல மிஷின் எல்லாம் நின்னுச்சு. ரெண்டாவது லைன்ல ஒரு பையன். விரலைப் போட ஐஸ் பெட்டி கொண்டு வா, ஐஸ் பெட்டி கொண்டு வான்னு கத்தினாங்க. நீயும் தான இருந்த. அந்த வாரம் முழுக்க உனக்கு சாப்பாடு எறங்கல. இப்போ அட்டை சொருவறன்னு எப்படி சாதாரணமா எழுதற?

சனிக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீயே அட்டையை எடுத்துட்டு, டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தன்னு எழுதணும். இல்லன்னா சண்முகசுந்தரம் சாருக்கு நானே போன் பண்ணுவேன். அவர் நம்பர் என்கிட்ட இன்னும் இருக்கு. பர்மனென்ட் போகும். நீ என்ன ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்ட. அதெல்லாம் யோசிச்சுட்டுத் தான் எழுதறேன்.

ஞாயித்துக்கெழம வராத. உன் கைய டாக்டர் பாக்காம அந்தக் கையில புள்ளையத் தர மாட்டேன். எதுக்குப் புள்ளன்னு நீ என்கிட்ட கேட்டதை உன்கிட்டயே திருப்பிக் கேக்கலாம். எனக்கு மனசு வரல.

சுபா


படப்பை
15.2.2025, சனி

திருப்தியா?

சாயங்காலம் வரைக்கும் கூட உன்னால பொறுக்க முடியல இல்ல. காலையில டீ ப்ரேக் முடிஞ்சு வந்து நிக்கறேன், சண்முகசுந்தரம் சார் நேரா என் மிஷின்கிட்ட வந்து சிவப்பு பட்டனை அடிச்சு நிறுத்தறாரு. குனிஞ்சு அட்டையை உருவி எடுத்தாரு. அதை என் மூஞ்சிக்கு நேரா காட்டினாரு. க்ளவுஸைக் கழட்டச் சொன்னாரு, கைய நீட்டச் சொன்னாரு. ஸ்கூல்ல நகம் பாக்கற மாதிரி பாக்கறாரு, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. வீட்டுக்குப் போ, கூப்பிடறப்போ வான்னு அனுப்பிட்டாரு.

எல்லா மிஷின்லயும் தேடி எல்லா அட்டையையும் எடுத்துட்டாங்க. மாரி கேட்டு வரைக்கும் வந்து என்ன திட்டிட்டுப் போறான். நீ தான் சொல்லியிருப்பன்னேன், உன் பொண்டாட்டி நல்லா இருப்பாளான்னு சாபம் வுடறான்.

உன்ன நம்பி எழுதினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நான் நாலு பேர் முன்னாடி உன்ன ஒரு வார்த்த சொன்னேன். நீ என் சோத்துல மண்ணைப் போட்டுட்ட. கணக்கு சரியாப் போச்சு. இனிமே எனக்கு எழுதாத.


மண்ணூர்
17.2.2025

சக்தி,

எழுதாதன்னு சொன்னதுக்கு அப்புறமும் எழுதறேன். திட்டணும்னா இதையும் படிச்சுட்டுத் திட்டு.

நான் போன் பண்ணல.

வெள்ளிக்கெழமையிலேர்ந்து அந்த நம்பரை எடுத்து எடுத்து வெச்சேன். சனிக்கெழம சாயங்காலம் கண்டிப்பா பண்ணியிருப்பேன், அதையும் மறைக்கல. ஆனா அதுக்குள்ள ஐயனார் அண்ணன் வேன் வந்துச்சு, நீ திருப்தியான்னு எழுதின லெட்டரைக் குடுத்தார். படிச்சதும் முதல்ல எனக்கு இன்னா வந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு வந்துச்சு. பத்து விரலோட வூட்டுக்கு வந்துட்டான்னு. அப்புறம் தான் அழுகை வந்துச்சு.

நான் சொல்லல, நீ சொல்லல. அப்போ அவருக்கு யார் சொன்னா? அதைக் கேட்டியா? எதுக்கு க்ளவுஸைக் கழட்டி கைய நீட்டச் சொன்னார்? அட்டை வெச்சவனைத் திட்டி அனுப்பற மனுஷன் எதுக்கு விரலைப் பாக்கணும்? போய்க் கேளு.

சுபா


படப்பை
20.2.2025

சுபா,

இது இடது கையால எழுதறது. கோணலா இருக்கும், கூட்டிப் படிச்சுக்கோ. ரெண்டு நாளா எழுதறேன்.

கேட்டேன். சண்முகசுந்தரம் சார் ரூமுக்குப் போய் அவர்கிட்டயே கேட்டேன். அவர் ட்ராயரைத் தெறந்து ஒரு பீஸை எடுத்து வெச்சாரு. நான் அடிச்ச தகட்டு பிராக்கெட் தான். மடிப்புல ஒரு துணி மாட்டிகினு இருந்துச்சு. சனிக்கெழம காலையில இன்ஸ்பெக்ஷன் பொண்ணு பாத்துட்டுக் கத்தியிருக்கு. அது க்ளவுஸோட நுனி. உள்ள விரல் இருக்குதோன்னு பயந்து தான் அவர் ஓடி வந்து மிஷினை நிறுத்தியிருக்காரு. அதுக்குத் தான் கைய நீட்டச் சொன்னாரு. எண்ணிப் பாத்திருக்காரு.

எனக்கு எதுவும் தெரியல சுபா. எந்த பீஸ்ல மாட்டிச்சு, எப்ப மாட்டிச்சு, ஒன்னும் தெரியல. இழுத்தது தெரியல. நுனி இல்லாத க்ளவுஸைப் போட்டுகினே எவ்வளவு நேரம் ஓட்டினேன்னு தெரியல. ப்ரேக்ல அதைக் கழட்டி வெச்சு டீ குடிச்சுட்டுத் திரும்ப மாட்டிகினேன். அப்பவும் பாக்கல.

மறுநாள் டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு புறங்கையையும் ஒட்டி வெச்சு, கைய கீழ மடக்கி நிக்கச் சொன்னாரு. கொஞ்ச நேரத்துல மூணு விரலும் செத்துப் போச்சு. அப்புறம் கண்ணை மூடிக்கச் சொன்னாரு. குத்தறேன், எந்த விரல்னு சொல்லுன்னாரு. சுண்டு விரலைச் சொன்னேன். அப்புறம் காத்துகினே இருந்தேன். "குத்துங்க சார்"னேன். "குத்திட்டேன்பா"ன்னாரு.

கட்டை விரலுக்கு அடியில மேடு மாதிரி இருக்குமே, அது எறங்கிப் போச்சாம். இன்னும் லேட் பண்ணா விரல் திரும்பாதுன்னாரு. மணிக்கட்டுல சின்ன ஆபரேஷன், நரம்பை நசுக்கறதை வெட்டி வுடணுமாம். தேதி குடுத்திருக்காரு. பண்ணிக்கறேன். சார் பேக்கிங்ல போடறேன்னு சொல்லியிருக்காரு, ஏப்ரல் லிஸ்ட் பத்தி வாயே தெறக்கல. மாரி இன்னும் பேசல.

அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உன் கைய பத்தியும் சொன்னேன். எழுந்து அடுப்பாங்கரைக்குப் போயிட்டாங்க.

எனக்குக் கை செத்துப் போயிருந்தும் ஒரு வார்த்த சொல்லாம ஆம்பளைன்னு நின்னேன். நீ வலிக்குதுன்னு வாய் தெறந்து சொன்ன, உன்ன தான் கையாலாகாதவளா ஆக்கினேன். புள்ளைய கேக்க எனக்கு இனிமே வாய் இல்ல. க்ளவுஸை லெட்டரோட வெச்சிருக்கேன். என் கிட்ட வெச்சுக்க பயமா கீது.

சக்தி


மண்ணூர்
21.2.2025

சக்தி,

ப்ளாக்கை எடுத்துட்டேன். ஆனா இதைப் போன்ல சொன்னா பாதியில அழுதுடுவேன், அதான் எழுதறேன்.

க்ளவுஸைப் போட்டுப் பாத்தேன். ஆள்காட்டி விரல் நுனியில என் நகம் வெளிய வருது. உன் விரல் என் விரலை விட நீளம். க்ளவுஸ் உன் கையில சரியா மாட்டாம முன்னாடி நழுவியிருந்ததால தான் துணியோட போச்சு, விரல் தப்பிச்சுச்சு. அம்மா என் கையிலேர்ந்து அதைப் புடுங்கி வெச்சுட்டாங்க.

உன் மேல கோவம் தீந்துடுச்சுன்னு நெனைக்காத. நீ அந்த வார்த்தையை அத்தனை பேர் முன்னாடி சொன்ன. இடது கையால எனக்கு மட்டும் எழுதினா அது வாபஸ் ஆயிடாது. ஞாயித்துக்கெழம வா. தனியா வராத. உங்க அம்மாவைக் கூட்டிகினு வா, ராஜசேகர் அண்ணனைக் கூட்டிகினு வா. எங்க அண்ணனும் இருப்பான். அவங்க எல்லாரும் உக்காந்திருக்கறப்போ, நீ சொன்னது தப்புன்னு சொல்லு. க்ளவுஸை நடுவுல நான் வெக்கறேன்.

ஆபரேஷனுக்கு நான் கூட வர்றேன். அதுக்கு நீ எதுவும் சொல்ல வேணாம்.

நிலா இப்போ எதையாவது புடிச்சுகினு நிக்கறா. உன்னப் பாத்ததும் தூக்கச் சொல்லிக் கைய நீட்டுவா, குதிப்பா. ஆசையில சட்டுனு தூக்கிடாத. நானும் தனியா தூக்க மாட்டேன். உனக்கு இடது கை நல்லா இருக்கு, எனக்கு வலது கை நல்லா இருக்கு. நீ அவளுக்கு அந்தப் பக்கம் உக்காரு, நான் இந்தப் பக்கம் உக்காரறேன். ரெண்டு பேர் கையும் அவ அடியில வந்துடுச்சான்னு பாத்துட்டு, அப்புறம் தான் அவளைத் தரையிலேர்ந்து எடுக்கறோம்.

சுபா